பிரிந்தது காற்றுதான்

அத்தியாயம் 14

போன அத்தியாயத்தில் பவளத்தின் வயிற்றைக் கீறி, பெருங்குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டியெடுத்து, மிச்சத்தைத் தைத்து, தியேட்டருக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள் அல்லவா? கட்டி சாதாரணக் கட்டிதான், கெட்டது இல்லை என்று சோதனையும் சொல்லிவிட்டது. அந்த நிமிஷமே அவள் புருஷன் தாமோதரன் சிவனுக்கும் பெருமாளுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

அரசு பஸ்ஸில் தலை நரைக்கும்வரை கண்டக்டராக இருந்தவர். கடைசி நிறுத்தம் வந்தால் எல்லோரும் இறங்கிவிடுவார்கள் என்பது அவருடைய அனுபவம். இங்கேதான் ஒருவரும் இறங்கவில்லை.

மூன்றாவது நாள் விடிந்தபோது பவளத்தின் வயிறு பம்பை மாதிரி ஊதியிருந்தது. விரலால் தட்டினால் சத்தம் வேறு வந்தது. இரண்டு தடவை குமட்டி, பச்சையாக வாந்தி எடுத்திருந்தாள்.

"குடல் இன்னும் தூங்குது ஐயா," என்றாள் டாக்டர் ஷப்ரீன். "ஆபரேஷன்ல கை பட்டதும் அது பயந்து சுருண்டு படுத்துக்கும். நாமதான் எழுப்பணும். எழுந்துச்சுன்னா முதல்ல காத்து பிரியும். அந்தக் காத்துக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

ஷப்ரீன் வேறு யாரும் இல்லை. உத்திரமேரூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் பாயின் மகள். டாக்டருக்குப் படித்துவிட்டு இந்தக் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தொழிலைப் பழகிக்கொண்டிருந்தாள். பவளம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜப்பார் பாய் கடையில்தான் பருப்பு, புளி. கடலை மூட்டை மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த குழந்தை இன்று தன் குடலையே கையில் எடுத்துப் பார்த்துவிட்டதே என்று பவளத்துக்கு ஒரே கூச்சம்.

"ஷப்பு, நீ சொல்றதெல்லாம் புதுசா கீதே," என்றாள் முனகலாக. "ஆபரேசனுக்குப் போற அன்னிக்கே இனிப்புத் தண்ணி குடிக்க வெச்ச. மறுநாளே நாற்காலில குந்த வெச்ச. இப்ப இட்லி துன்னு, பபுள்கம் மெல்லு, நடன்னு சொல்ற. வவுத்த அறுத்தவளுக்கு இதெல்லாம் அடுக்குமா?"

"அடுக்கும்மா. வெளிநாட்டுல இப்ப இப்படித்தான் பண்றாங்க. எங்க பெரிய டாக்டர் ஆனந்தன் சார் அத இங்க கொண்டாந்திருக்காரு."

கட்டில் ஓரத்தில் தூணைப் போல் நின்றுகொண்டிருந்த ஆண்டாளம்மாள் தொண்டையைக் கனைத்தாள். தாமோதரனின் அக்கா. தம்பி குடியிருக்கும் அதே திருப்புலிவனத்திலிருந்து மாற்றுப் புடவையும் விபூதிப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டியைக் காப்பாற்றுவதற்கென்றே வந்து இறங்கியவள்.

"இத பாரு பாய் பொண்ணே. உள்ள தையலு கீது. அதுக்குள்ள இட்லியப் போட்டா பிச்சிக்காதா? எங்க வூட்டுக்காரருக்குக் கொடல் ஆபரேசன் பண்ணப்போ ஒரு வாரம் பச்சத்தண்ணி காட்டல. கட்ட மாதிரி மல்லாக்கப் படுக்க வெச்சாங்க. ஒரு வெரல அசைக்க வுடல. அது வைத்தியம்!"

"அப்புறம் எப்படிங்க இருந்தாரு?"

ஆண்டாளம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "செத்துட்டாரு. அது வேற விசயம்."

ஷப்ரீன் சிரிக்கவில்லை. "நெஞ்சுல சளி கட்டி, காய்ச்சல் வந்துதாங்களா?"

"ஆமா. ஒனக்கு யாரு சொன்னா?"

"படுத்தே கிடந்தா அப்படித்தாங்க ஆகும். சோறு தண்ணி இல்லாம குடல் சும்மா கிடந்தா, உடம்போட எதிர்ப்பு சக்தியும் கூடவே சோர்ந்துடும். நோய எதிர்க்கிற அணுக்கள்ல பாதிக்கு மேல குடல் பக்கம்தான் குடியிருக்கு. சாப்பாடு உள்ள போனாதான் அதுங்களுக்கு வேலை. பட்டினி போட்டா புண்ணும் ஆறாது, கிருமியும் சுலபமா பூந்துடும். உங்க வீட்டுக்காரர் பாவங்க."

ஆண்டாளம்மாள் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துப் பவளத்தின் நெற்றியில் ஒரு கீற்று இழுத்தாள். தன் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஷப்ரீன் தாமோதரனை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சாயங்காலம் ஆனந்தன் சார் வருவாரு. அதுக்குள்ள காத்து பிரியலன்னா, வாந்தியும் நிக்கலன்னா, மூக்கு வழியா குழாய் விட்டு வயித்தக் காலி பண்ணணும். சாப்பாட்ட நிறுத்தணும். அம்மா உடம்புல ஏற்கெனவே ரத்தம் கம்மி. அந்த நிலைமைக்குப் போக வேண்டாம்னு பாக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமா இட்லி, அப்பப்ப சூயிங்கம், பத்து மணிக்குள்ள ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. பொறுப்பு உங்களுது ஐயா."

பொறுப்பு!

தாமோதரன் அந்தச் சொல்லைக் கேட்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையாவது சொல்கிறாளோ என்று. அவர் வீட்டில் பொறுப்பு என்பது பவளத்தின் இடுப்புச் சாவி மாதிரி, வேறு இடத்தில் இருந்து அவர் பார்த்ததில்லை. எந்த மாட்டை வைத்துக்கொள்வது, எதை விற்பது, மகள் சந்தியாவை ஏனாத்தூர் காலேஜில் சேர்ப்பதா வேண்டாமா, மழைக்கு முன்னால் கூரையில் எந்த ஓட்டை மாற்றுவது, எல்லாம் அவள்தான். "கொத்தமல்லி வாங்கியாரச் சொன்னேனே?" என்பதுதான் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகபட்சக் காரியம். அதிலும் பாதி நாள் புதினாவோடு திரும்பியிருக்கிறார்.

உள்ளே போனார். "பவளம், எழுந்துக்கறியா? ஒரு நட போயிட்டு வருவோம்."

"மாட்டேன்யா."

"டாக்டரு சொல்றாங்க."

"உள்ள எதுனா அவுந்துகினுச்சுன்னா? அண்ணி சொல்றதும் ஞாயமாத்தானே கீது." கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. "எனக்குப் பயமா கீதுய்யா."

கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் பாய்ந்த காளையை முறத்தால் அடித்துத் திருப்பியவள் இவள். ஏரி உடைந்தபோது ஊரே கோயில் மேட்டில் ஏறி நிற்க, இடுப்பளவு தண்ணீரில் போய்க் கன்றுக்குட்டியைத் தூக்கி வந்தவள். இவள் வாயிலிருந்து 'பயம்' என்ற சொல் வந்ததே இல்லை. அவள் பயப்பட்டால் பிறகு அந்த வீட்டில் தைரியமாக இருக்க யார் மிச்சம்?

சந்தியாவுக்கு அன்று பரீட்சை. காலையிலேயே ஏனாத்தூருக்குக் கிளம்பும்போது ஒரு பை நிறைய சூயிங்கம் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். "நைனா, அம்மாவ மெல்ல வை. அந்தக் காலத்துக் கெழவி மாதிரி பேசற அத்தைய நம்பாத," என்று காதோடு சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

பத்து மணி போயிற்று. நடை நடக்கவில்லை. மத்தியானமும் வந்தது. கேன்டீன் ஆள் தட்டில் இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்டினியும் வைத்துவிட்டுப் போனான். தாமோதரன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போய் வரிசையில் நின்று திரும்பியபோது, ஷப்ரீன் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். தட்டு காலி.

"ஆஹா, ரெண்டும் சாப்ட்டாச்சா?"

"சாப்ட்டாச்சு, சாப்ட்டாச்சு," என்றாள் ஆண்டாளம்மாள் அவசரமாக.

பவளம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷப்ரீன் முகம் மலர்ந்து, "நல்லது. இனி நடந்துட்டா போதும்," என்று சொல்லி அடுத்த அறைக்குப் போனாள்.

அவள் போன கையோடு, அறைக்குள் "ஏ...வ்" என்று ஒரு பெரிய ஏப்பம் கேட்டது.

தாமோதரன் ஆவலோடு பவளத்தைப் பார்த்தார். பவளத்தின் உதடு மூடியே இருந்தது. மெதுவாகத் தலையைத் திருப்பினார். காற்று வந்தது உண்மைதான். ஆனால் வேறு வயிற்றிலிருந்து, வேறு வாசல் வழியாக வந்திருந்தது. அக்காவின் மோவாயில் தேங்காய்ச் சட்டினி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா. இட்லிய யாரு துன்னது?"

"அவ வாணாம்னுட்டாடா. குப்பைலயா போட முடியும்? டாக்டருகிட்ட ஒரு வார்த்த சாப்ட்டான்னு சொல்லி வெச்சா அவங்களும் பேஜாரு பண்ண மாட்டாங்க, இவளுக்கும் தையலு பத்திரமா இருக்கும்."

முப்பது வருஷமாக நெரிசல் பஸ்ஸில், படியில் தொங்குகிறவனை உள்ளே வரச் சொல்லிக் கத்திய குரல் ஒன்று தாமோதரனிடம் இருந்தது. டிக்கெட் பையைக் கழற்றியதோடு அதையும் கழற்றி வைத்துவிடுவார். வீட்டுக்குள் அது வந்ததே கிடையாது. இப்போது வந்தது.

"எழுந்துரு!"

ஆண்டாளம்மாள் எழுந்து நின்றாள். தான் எழுந்து நின்றது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மாமா கத ஒனக்கே தெரியும். படுக்கப் போட்டுப் பட்டினி போட்டே அனுப்பிட்டோம். அன்னிக்கு நமக்குச் சொல்ல ஆளு இல்ல. இன்னிக்கு அந்தப் பொண்ணு தலதலயா அடிச்சிகினு சொல்லுது. அதுகிட்டயே பொய் சொல்றியா? கீழ போய் கேன்டீன்ல குந்து. நான் கூப்புடற வரைக்கும் மேல வராத!"

"பொண்டாட்டிக்காக கூடப் பொறந்தவள தொரத்துறியாடா?"

"தொரத்தல. எறங்கிக்கோன்னு சொல்றேன்."

ஆண்டாளம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மோவாய்ச் சட்டினியைத் துடைக்காமல், கீழே இறங்கிப் போனாள்.

அக்காவைத் திட்டிவிட்டோமே என்று தாமோதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பினால், பவளம் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழ மாட்டேன் என்று சொன்னதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"யோவ்," என்றாள். "இந்தக் கொரல எங்க வெச்சிருந்த இவ்ளோ நாளு?"

"பஸ்ல," என்றார் தாமோதரன்.

வேறு இட்லி வந்தது. தாமோதரன் விரல் நுனியளவு பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க, பவளம் ஒவ்வொரு வாய்க்கும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எதுவும் பிய்த்துக்கொள்ளவில்லை. ஒரு இட்லி போயிற்று. வாந்தி வரவில்லை. பிறகு சூயிங்கம்.

"இன்னாத்துக்குயா இத மெல்றது? முழுங்கவும் கூடாதாம்."

"வாய் மென்னா, சோறு வருது போலன்னு கொடலு நெனச்சி எழுந்துக்குமாம்."

"கொடலையே ஏமாத்துறாங்களா? கெட்டிக்காரிதான் பாய் பொண்ணு." ஆடு தழை மெல்வதுபோல் அவள் ஒரு பக்கத் தாடையால் மென்றாள்.

நடப்பதற்கு இன்னொரு தடை இருந்தது. நைட்டி. ஆண்பிள்ளைகள் நடமாடும் வராந்தாவில் நைட்டியோடு நடப்பதைவிடக் குடல் தூங்கட்டும் என்பது பவளத்தின் கட்சி. தாமோதரன் பையிலிருந்து அவளுடைய நீலப் புடவையை எடுத்து, நைட்டிக்கு மேலேயே சுற்றிவிட்டார். கொசுவம் வைக்கத் தெரியாமல் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிச் செருகினார். பவளம் குனிந்து பார்த்துவிட்டு, வெங்காய மூட்டை மாதிரி இருக்கிறது என்றாள். ஆனாலும் காலைக் கீழே வைத்தாள்.

முதல் அடிக்கு "அப்பா!" என்றாள். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு, மறு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கதவைத் தாண்டினாள். கொஞ்ச தூரம் போனதும் முதுகு நிமிர்ந்தது. அடுத்த அறை அம்மாளிடம், "ஒனக்கு இன்னா ஆபரேசன்?" என்று விசாரித்தாள். எதிரே வந்த நர்ஸிடம், தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டாள். தாமோதரனுக்கு மனசு லேசாயிற்று. பழைய பவளம் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

மாடிப்படி முனைக்கு வந்ததும் சட்டென்று நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"இன்னாடி? வலிக்குதா? நர்ஸக் கூப்புடவா?"

"வாய மூடு. அந்தாண்ட திரும்பு."

"இன்னா பண்ணுது சொல்லு!"

"திரும்புன்னா திரும்புய்யா!"

தாமோதரன் திரும்பிக்கொண்டு, கை கழுவும் முறையை விளக்கும் படத்தைப் பார்த்தபடி நின்றார். அப்போது அவருக்குப் பின்னால், மலைச்சரிவில் இறங்கிய பஸ் நிறுத்தத்தில் ஏர் பிரேக்கை விடுமே, அதுபோல நீளமாக, நிதானமாக, அதிகாரத்தோடு ஒரு சத்தம் கேட்டது.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் கணவன் காதில் விழாமல் காத்து வந்த மானம் போயிற்று என்று பவளம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தாமோதரனுக்கோ கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடைசி சீட்டிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற குரலில் கத்தினார்.

"பூடுச்சி! ஷப்ரீன்மா! பூடுச்சி! பவளத்துக்குப் பூடுச்சி!"

அந்தக் குரல் மாடிப்படி வழியாக உருண்டு, மருந்துக் கடையைத் தாண்டி, கேன்டீனில் போய் விழுந்தது.

ஆண்டாளம்மாள் கையில் டீ டம்ளர் இருந்தது. அது கீழே போயிற்று. தம்பி அழுகிற குரலில் 'பூடுச்சி' என்று கத்தினால் என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரியில் அப்படிப் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதானே.

"அய்யோ, என் ராசாத்தீ!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். "பூட்டியேடி! நான் துன்ன இட்லி ஒன் உசுரத் துன்னுடுச்சே! பட்டினியோட அனுப்பிட்டேனே!"

அவள் மகன் வாங்கிக் கொடுத்த செல்போன் ஒன்று சுருக்குப் பையில் இருந்தது. பச்சை பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் பேசுவாள் என்பது மட்டும் தெரியும். அழுத்தினாள். கங்கம்மாள் பேசினாள். "பவளம் பூட்டாடி!" என்ற ஒரே வாக்கியம் திருப்புலிவனம் போய்ச் சேர்ந்தது. திருப்புலிவனத்தில் ஒரு சேதி கங்கம்மாளிடம் போய்விட்டால், தமுக்கு அடிக்கிறவனுக்கு வேலையே இல்லை.

மேலே ஷப்ரீன் ஓடி வந்து, பவளத்தை பெஞ்சில் உட்கார வைத்து, ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். "கடமுடன்னு ஓடுதும்மா! குடல் எழுந்துடுச்சு!" அடுத்த அறை அம்மாள் கை தட்டினாள். நர்ஸ் சிரித்தாள். அந்த நேரத்தில்தான் தலைமுடி அவிழ்ந்து, முந்தானை தரையில் புரள, ஆண்டாளம்மாள் படியேறி வந்து சேர்ந்தாள்.

பெஞ்சில் பவளம் சூயிங்கம் மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அண்ணி இது கோலம்? யாரு செத்தது?"

"நீதாண்டி!" என்று சொல்லிவிட்டு ஆண்டாளம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

விஷயம் விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் தாமோதரன் போனை வாங்கிக் கங்கம்மாளைக் கூப்பிட்டார். லைன் கிடைக்கவில்லை. கங்கம்மாள் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் டீக்கடை ரங்கன் கிடைத்தான்.

"ரங்கா, பவளம் சாவலடா! நல்லா கீறா! இட்லி துன்றா!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அண்ணா, அடக்கி வெக்காத. வாய் வுட்டு அழுதுடு. எங்க நைனா செத்தப்ப நான்கூட இப்படித்தான், மோட்டார் கொட்டாய்ல கீறாருன்னு சொல்லிக்கினு இருந்தேன். நீ பதறாம வா. பந்தலு போட்டுட்டோம்."

"டேய், அவளே பேசறாடா, கேளு!" என்று போனைப் பவளத்தின் காதில் வைத்தார்.

"யாருடா பந்தலு போட்டது?" என்றாள் பவளம். "என் வூட்டு வாசல்ல குழி நோண்டினீங்க, வந்து தொலிய உரிச்சிடுவேன்!"

போன் கீழே விழுந்த சத்தமும், ரங்கன் ஓடுகிற சத்தமும் கேட்டன. ஆவி பேசியதென்று டீக்கடையில் அன்று அடுப்பு அணைந்ததாகப் பிற்பாடு தெரியவந்தது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, தாமோதரனுக்கு ஒன்று நினைவுக்கு வரும் வரையில். கங்கம்மாள் எல்லோருக்கும் சொல்லியிருப்பாள். திருப்புட்குழிக்கும் சொல்லியிருப்பாள்.

திருப்புட்குழியில் வேதாசலம் இருந்தார். பவளத்தின் கூடப் பிறந்த அண்ணன். தன் மகன் வினோத்துக்குச் சந்தியாவைக் கேட்டு வந்தபோது, "படிக்கிற பொண்ண இப்ப தர முடியாது" என்று பவளம் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட, "இனி உன் வூட்டுப் படிய மிதிச்சா நான் மனுசன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர். அதற்கப்புறம் இரண்டு தீபாவளி போயிற்று. வரிசையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பியும் எட்டிப் பார்க்கவில்லை.

அவருடைய போன் எண் இவர்களிடம் இல்லை. நேரில் போய்ச் சொல்லலாம் என்று தாமோதரன் செருப்பை மாட்டியபோது, கீழே வண்டி நிற்கும் சத்தமும், "தங்கச்சீ!" என்ற அலறலும் கேட்டன.

பவளம் கட்டிலில் படுத்திருந்தாள். அண்ணன் குரலைக் கேட்டதும் அவள் கண் பளபளத்தது. தாமோதரனைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ஏய், வாணாம்டி, பாவம்டி," என்று தாமோதரன் கிசுகிசுப்பதற்குள் வேதாசலம் உள்ளே வந்துவிட்டார். தோளில் பெரிய ரோஜா மாலை. கக்கத்தில் துணிக்கடைப் பை. செத்தவளுக்குப் போர்த்தப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிப் புடவை. யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டில் காலடியில் விழுந்தார்.

"நான் பாவிம்மா! வீம்புக்குப் பேசாம இருந்துட்டேனே! ஆபரேசன்னு கேட்ட அன்னிக்கே கெளம்பி வந்தேன். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துட்டு, நீ மொகம் குடுப்பியோ மாட்டியோன்னு திரும்பிப் பூட்டேன். ரெண்டு தடவ அப்படி வந்துட்டுத் திரும்பினேன்மா! தப்பு என்னுதுதான். படிக்கிற பொண்ண அப்படி அவசரப்படுத்தி இருக்கக் கூடாது. ஒரு தடவ 'அண்ணா'ன்னு கூப்புடும்மா!"

ஆண்டாளம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கினாள். பவளத்தின் மூடிய இமை ஓரத்தில் ஒரு சொட்டு நீர் இறங்கியது.

வேதாசலம் தலை நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் மெல்ல எழுந்தார்.

பிணம் எதையோ மென்றுகொண்டிருந்தது.

அழுகையில் பவளத்துக்கு வாயிலிருந்த சூயிங்கம் நினைவில் இல்லை. தாடை அதன் பாட்டுக்கு அசைந்தது. வேதாசலம் இரண்டடி பின்னால் போய், மாலையோடு நாற்காலியில் இடித்து, "மா... மாப்ள!" என்றார்.

"அண்ணா!" என்று பவளம் கண்ணைத் திறந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டாள். "சிரிக்க வெக்காத, தையலு வலிக்குது! கேட்டு வரைக்கும் வந்தவன் மேல ஏறி வரக்கூடாதா? அறிவு கெட்டவனே!"

வேதாசலம் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது உண்மையாக அழுதார். நடந்ததைத் தாமோதரன் சொன்னார். எது பிரிந்தது என்பதை மச்சானுக்கு விளக்கும்போது கொஞ்சம் தயங்கினார். ஆண்டாளம்மாள் தயங்காமல் விளக்கினாள்.

கோடிப் புடவையை வெளியே கொண்டுபோய் எங்காவது போட்டுவிட வேண்டும், அபசகுனம் என்றாள் அவள். பவளம் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். அரக்குப் பட்டு.

"ரெண்டு தீவாளி வரிச பாக்கி கீது. இத ஏன் போடணும்? வூட்டுக்குப் போறப்ப இதத்தான் கட்டிக்கினு போவேன்."

சாயங்காலம் டாக்டர் ஆனந்தன் வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்து, குழாய் தேவையில்லை, இரவுக்குக் குழைந்த சோறு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அறை முழுக்கக் கல்யாண வீட்டுக் களை. வேதாசலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பவளம், பொணமாப் பாக்க வந்தவன் உசுரோட பாத்துட்டேன். இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா மனசு கேக்கல. படிப்பு முடிய எவ்ளோ நாளானாலும் காத்துகினு இருக்கோம். சந்தியாவ எங்க வினோத்துக்குக் குடுப்பியா?"

பவளத்தின் தாடை நின்றது. இனி பவளம் வெடிப்பாள் என்று தாமோதரன் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். பழக்கம் அப்படி.

பவளம் அண்ணனைப் பார்க்கவில்லை. தாமோதரனைப் பார்த்தாள். மத்தியானம் அக்காவைக் கீழே இறக்கிவிட்ட மனுஷனைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தாள்.

"என்ன ஏன்ணா கேக்கிற?" என்றாள். "அவரக் கேளு. அவரு சொல்றதுதான்."

எல்லோரும் திரும்பினார்கள். தாமோதரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வது? மச்சானின் கண் இன்னும் சிவந்திருந்தது. இல்லை என்று சொன்னால் அந்த மனுஷன் இன்னொரு தடவை எழுந்து போவார். சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொல்லியும் இருப்பார்.

வாசலில் பரீட்சை எழுதிவிட்டு வந்த சந்தியா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. அவளுக்குப் பின்னால் நாலடி தள்ளி, அப்பாவை வண்டியில் ஏற்றிவந்த வினோத், சாவியைக் கையில் உருட்டியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் முகமும் சரியில்லை.

"நைனா," என்றாள் சந்தியா. "எதுவும் சொல்லிடாத. ஒரு நிமிசம் வெளிய வா. நாங்க ரெண்டு பேரும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

நாங்க ரெண்டு பேரும் என்றால்?

தாமோதரன் பவளத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை நடிக்கவில்லை, உண்மையாகவே களைத்திருந்தாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மகளுக்குப் பின்னால் வராந்தாவுக்கு நடந்தார்.